பறவைகளுக்கு ஒரு மரத்தொட்டி

ஓய்வு பெற்ற பதினெட்டாம் நாள் காலையில், இந்த உலகத்துப் பறவைகளையெல்லாம் குளிப்பாட்டியே தீருவது என்று நெடுஞ்செழியன் முடிவு செய்தார்.

முப்பத்திரண்டு வருஷம் கும்பகோணம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஊரையே உள்ளே அனுப்பியவரை இப்போது வீட்டுக்குள்ளே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பயணி, மனைவி இசைவாணி. ஐம்பத்தாறு பேரிடம் பேச வேண்டியதை அவள் ஒருத்தியிடமே பேசித் தீர்த்தார்.

போனில் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில் மரத்தொட்டி செய்து வைத்து, தண்ணீர் ஊற்ற, பறவைகள் வரிசையில் நின்று குளித்துவிட்டுப் போயின. அதைப் பார்த்ததிலிருந்துதான் இந்த வேகம்.

"காவேரி ஓடுற ஊருங்க இது. கொல்லையைத் தாண்டுனா வாய்க்கா. காக்காய்க்குப் போயி பாத்ரூம் கட்டப் போறீங்களா?" என்றாள் இசைவாணி.

"வாய்க்கா பொது இடம். கூச்சப்படுற பறவையும் இருக்கும்ல?"

"சரி, கட்டுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுங்க."

சிங்கப்பூரில் இருக்கும் மகள் செம்மொழி, அம்மாவுக்கென்றே வாங்கித் தந்த ஸ்கூட்டர் அது. சத்தமே போடாத கரண்ட் வண்டி. இசைவாணிக்கு அவள் அப்பா கொடுத்த வயல் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. முறைத் தண்ணீர் வரும் நாளில் போய் மடையைத் திறக்காவிட்டால், தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் இவர் குளித்து, சாப்பிட்டு, பேப்பர் படித்து, வண்டியை எடுக்கும்வரை அவள் வாசலில் நிற்க வேண்டும்.

"நாளைக்குச் சொல்லித் தர்றேன்" என்றார் நெடுஞ்செழியன். அந்த நாளைக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆச்சரியமாக, இசைவாணி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் சாய்ந்த வேப்பமரத்தின் பலகைகள் கொல்லையில் கிடந்தன. நாலு நாள் அறுத்தார், இழைத்தார், இடது கட்டை விரலை இரண்டு தடவை சுத்தியலால் அடித்துக்கொண்டார். தொட்டி நாலு காலில் நிமிர்ந்து நின்றது. தண்ணீர் ஊற்றினார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை.

"தொட்டி செஞ்சீங்களா, சல்லடை செஞ்சீங்களா?"

அவருடைய பஸ்ஸை ஓட்டிய லியாகத் அலி, கடலோரத்து அதிராம்பட்டினத்துக்காரர். போன் போட்டதும் வழி சொன்னார். "படகுக்கு என்ன செய்வாங்க? இடுக்குல பஞ்சைத் திணி. குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சி மேல பூசு. கடலே உள்ள வராது, உன் தண்ணி எப்படி வெளிய போகும்?"

தண்ணீர் நின்றது. பறவைதான் வரவில்லை. மூன்று நாள் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, "வா வா, இடம் காலியாத்தான் இருக்கு" என்று கூப்பிட்டும் பார்த்தார்.

"நீங்க இப்படிக் கூவுனா யாரு வருவா?" என்றாள் இசைவாணி. "காலையில ஆறரையிலேருந்து ஏழரை வரைக்கும் கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால அசையாம உக்காரணும். பேசப்படாது. எந்திரிக்கப்படாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன். பேசாம இருக்கறதைப் பத்தி எனக்கா தெரியாது?"

மறுநாள் உட்கார்ந்தார். சரியாக ஆறரைக்கு இரண்டு மைனா வந்தன! பின்னாலேயே தவிட்டுக்குருவிகள் ஏழு, சண்டை போட்டுக்கொண்டே.

அன்று பிடித்தது பைத்தியம். நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். தவிட்டுக்குருவி ஆறு குளித்தால் ஒன்று காவல் நிற்கிறது, ஏன்? காக்கா ஒரு காய்ந்த இட்லியைக் கொண்டுவந்து தண்ணீரில் நனைத்துத் தின்கிறது, இதை யார் சொல்லிக் கொடுத்தது? எல்லாப் பறவையும் குளிப்பதற்கு முன் தொட்டிக்குக் கீழே தரையைக் கொத்துகிறதே, அது என்ன சாஸ்திரம்? முப்பத்திரண்டு வருஷம் முகம் பார்க்காமல் டிக்கெட் கிழித்தவர், இப்போது எந்த மைனாவுக்கு எந்தக் கால் நொண்டி என்றுகூடச் சொன்னார்.

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட வண்டியில் காலையில் பாதி சார்ஜைக் காணோம்.

"பனிங்க. மார்கழிப் பனி" என்றாள் இசைவாணி.

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இருபத்துமூன்றாம் நாள் ஒரு கரிச்சான் வந்தது. அதோடு எட்டு வகை ஆகிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு மணிக்கே செடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வாசலுக்கு ஓடினார். வாசலில் இசைவாணி இல்லை. வண்டியும் இல்லை.

தெருமுனையில் சத்தமில்லாமல் ஸ்கூட்டர் திரும்பியது. ஓட்டி வந்தது இசைவாணி. பின்னால் பக்கத்து வீட்டுப் பூர்ணிமா, பாபநாசம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

பார்த்தது மூளைக்குப் போவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "இசை! எட்டு வந்துடுச்சு!"

"எனக்கும் இன்னைக்குத்தாங்க எட்டு வந்துச்சு! காலே ஊனல!"

"ஸ்கூல் கிரவுண்டுல அக்கா வளைச்சு வளைச்சு எட்டு போட்டாங்க மாமா. அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட்டு" என்று பூர்ணிமா இறங்கி, நிற்காமல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நெடுஞ்செழியனுக்கு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது.

"பனின்னியேடி!"

"பனியிலதாங்க ஓட்டுனேன்."

"ஆறரைக்குப் பறவை வரும்னு சொன்னியே, அது?"

"ஆறேகாலுக்குத் தொட்டிக்கடியில அரிசிக் குருணையைத் தூவிட்டு வருவேன். ஆறரைக்கு வராம என்ன செய்யும்?"

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் சுருங்கிப் போனது. வாசற்படியில் உட்கார்ந்தார். "அப்போ, என் தண்ணிக்குன்னு ஒருத்தரும் வரலையா?"

இசைவாணிக்கு என்னவோ போலாகிவிட்டது. "வாங்க, வந்து பாப்போம்" என்று கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள்.

குருணை தீர்ந்ததும் கூட்டம் கலைந்திருந்தது. தொட்டி தனியாக நின்றது. திடீரென்று முருங்கைக் கிளையிலிருந்து வெள்ளையாக ஏதோ விழுந்தது. தண்ணீரைத் தொட்டது, மேலே போனது. பால் வெள்ளை உடம்பு, கருகருவென்று கொண்டைத் தலை, வாலில் முழ நீளத்துக்கு இரண்டு ரிப்பன். மறுபடி பாய்ந்தது. மூன்றாம் தடவையும் பாய்ந்து, கிளையில் உட்கார்ந்து சிலிர்த்துக்கொண்டது. கீழே ஒன்றிரண்டு குருணை மிச்சம் கிடந்தது. அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா இசை, பாத்தியா" என்று கிசுகிசுத்தார். கண் கலங்கியிருந்தது. "தண்ணிக்காகவே வந்திருக்கு. இது என்ன பறவையா இருக்கும்?"

"தெரியலைங்களே. நாள் முழுக்க இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்றாள் அவளும் அதே ரகசியக் குரலில். "நீங்க நல்லாப் பாருங்க. இன்னைக்கு முறைத் தண்ணி, நானும் பூர்ணிமாவும் போயி மடையைத் திறந்து விட்டுட்டு வந்துடுறோம். பறவை போனதும் ஒரு உலை வெச்சு, ரசத்துக்குப் புளியைக் கரைச்சு வெச்சிடுங்க."