ஒரே இணைப்பில் நாலு பேர்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்பித்தான் எழுதுகிறேன். உன் அக்காவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடியில் மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியம். கீழ்வீட்டுக்குத் தனியாக இன்னொரு இன்டர்நெட் இணைப்பு போட்டுத்தர வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

எல்லாம் அந்தக் கோட்டை விளையாட்டால் வந்தது. நாலு பேர் ஒரு அணி, ஆளுக்கொரு கம்ப்யூட்டர், எதிரில் முகம் தெரியாத நாலு பேர். மகள்தான் எங்களைச் சேர்த்துவிட்டாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷமாக நானும் மாப்பிள்ளையும் "சாப்டீங்களா மாமா", "ஆச்சு, நீங்க?" என்பதைத் தாண்டவில்லை என்று அவளுக்குக் குறை. சரியென்று உட்கார்ந்தேன். மகள் உள்ளே போனாள், உன் அக்கா போனாள், நானும் போனேன், மாப்பிள்ளை நுழைந்ததும் நான் ஆட்டத்திலிருந்து வெளியே விழுந்தேன். நான் மறுபடி நுழைந்தால் அவர் விழுந்தார். இப்படியே நாலைந்து நாள். "மாமா வேணும்னே வயரைப் பிடுங்கறாரா?" என்று அவர் மகளிடம் கேட்டது படிக்கட்டு வழியாக அப்படியே இறங்கி வந்தது. எனக்குச் சுருக்கென்றது. நானும் சும்மா இருக்கவில்லை, "நான் கூட ஆடறது அவருக்குப் பிடிக்கல, அதான் தள்ளி விடறார்" என்று உன் அக்காவிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அப்புறம் பத்து நாள் அந்த "சாப்டீங்களா"வும் நின்னுபோச்சு.

போன சனிக்கிழமை சாயங்காலம் உன் அக்காவுக்குப் பொறுமை போய், "மேல போய் நேர்ல கேளுங்க, நீங்க என்ன எல்கேஜியா?" என்று துரத்தினாள். போனேன். மாப்பிள்ளை எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே, "வெளிய இருந்து பாத்தா நம்ம நாலு கம்ப்யூட்டருக்கும் ஒரே முகவரி மாமா. யாருக்கு எதை அனுப்பறதுன்னு தெரியாம குழம்புது" என்றார். உனக்குத் தெரியும், நான் தபாலாபீஸில் முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரித்தவன். "ஒரே கதவு நம்பருக்கு நாலு பேருக்குத் தபால் வந்தா பேரைப் பாத்துக் குடுக்கணும். பேர் இல்லன்னா கதவைத் திறந்தவன் கைக்குத்தான் போகும்" என்றேன். மனுஷர் என்னையே பார்த்தார். "அதேதான் மாமா. ஆளுக்கொரு நம்பர் குடுத்துப் பாக்கலாம். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்." நாலு நம்பர் சொல்லிவிட்டுக் கீழே என் கம்ப்யூட்டருக்கு வந்தேன். அன்னைக்கு நாலு பேரும் உள்ள போனோம், ஒருத்தரும் விழல. கடைசியில மாப்பிள்ளைக்கு அம்பு பட்டு மதில் பக்கம் கிடக்கார். "என்னை விட்டுட்டுக் கோட்டையைப் பாருங்க மாமா" என்கிறார். "கோட்டை கெடக்குது" என்று அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். கோட்டை போச்சு, தோத்தோம். ஆனால் அவர் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் அப்பாவும் என்னை மாதிரி ஒரே விரலால்தான் டைப் அடிப்பாராம். இருந்தவரைக்கும் அவரைக் கேலி பண்ணினதுதான் இப்போ கஷ்டமா இருக்கு என்றார்.

ஆகையால் தனி இணைப்பு வேண்டாம். என் யோசனையால் வந்த நிம்மதி இது, இருந்துவிட்டுப் போகட்டும். உன் மனைவிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகள் நன்றாகப் படித்து நன்றாக விளையாடட்டும்.

அன்புடன்,
உன் அத்தான்

பி.கு.: உன் அக்கா இதைப் படித்துவிட்டு அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள். நாங்கள் மேலே நம்பர் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே இவள் இன்டர்நெட் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டாளாம், அதில்தான் சரியானதாம். நான் சொன்ன நம்பரில் ஒன்றைக்கூட அது ஏற்றுக்கொள்ளவில்லையாம். "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை" என்று மாப்பிள்ளை அன்றைக்கே கேட்டுக்கொண்டாராம். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நீயும் அவரிடம் சொல்லாதே. வரும் சனிக்கிழமை வேறு நாலு நம்பர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். போய்ச் சொல்லத்தான் போகிறேன்.