நான்காவது சக்கரம் தரையில் படவில்லை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காளைக் கட்டிக்கொண்ட அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. அங்கே நீங்களும் நலமாக இருக்க வழியில்லை என்பது தெரியும், அதற்குக் காரணம் நான்தான் என்பதும் தெரியும். ஆகையால் நலம் விசாரிக்கும் பகுதியை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக "வாய்யா மாப்பிளே" என்று வாசலிலேயே குரல் கொடுக்கிறவன் இன்று "அவர்களுக்கு" போட்டு எழுதுகிறேன் என்றால் என் நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். போன் செய்தால் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் மட்டும் வருகிறது. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரிப்பது என்ற சொல்லை உங்களிடம் நான் பயன்படுத்தக் கூடாதுதான், மன்னிக்கவும்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் மனைவியான என் தங்கச்சியும் வெளியூர் கிளம்பும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள். ஊற்றினேன். இதை யாரும் மறந்துவிடக் கூடாது. ஒரு செடிகூட வாடவில்லை, இந்த விவகாரத்தில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஊற்றிவிட்டு, கை துடைக்கத் துணி தேடி ஹாலுக்கு வந்தேன். அங்கேதான் உங்கள் கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு, விளக்குக்குக் கீழே வரிசை வரிசையாகக் குட்டிக் கார்கள். ஒவ்வொன்றும் அட்டையும் பிளாஸ்டிக் கூடுமாக, கடையில் எப்படித் தொங்கியதோ அப்படியே. காரை வாங்கிவிட்டு உருட்டாமல், தொடாமல், பிரிக்காமல் வைத்திருப்பது உங்கள் கொள்கை. அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. பார்த்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் முன்வரிசையில் இருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் நான்காவது சக்கரம் தரையில் படவில்லை. கம்பத்தைக் கண்ட நாய்போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நீங்களே சொல்லுங்கள், என் வேலை என்ன? பம்பு தயாரிக்கும் கம்பெனியில் ஓய்வு பெறும்வரை கடைசி மேஜை, அதாவது சோதனை மேஜை, என்னுடையது. அந்த மேஜையைத் தாண்டித்தான் பம்பு வெளியே போக வேண்டும். சரியில்லாததில் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன், அதனால் என் பெயரே அங்கே "சிவப்புச் சீட்டு" ஆகிவிட்டது. என் சொந்தப் பெயரை மேனேஜரே மறந்துபோய், பிரிவு உபசார மாலையைப் போட்டுவிட்டு "நம்ம சிவப்புச் சீட்டு" என்றுதான் பேசினார். எங்கள் தொழிலில் மூடிய பெட்டி என்றால் சோதிக்காத சரக்கு என்று அர்த்தம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், ரிஜெக்ட் பண்ணின கையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கூட்டின் ஓரத்தைப் பிளேடால் மெதுவாகக் கீறினேன். அவ்வளவுதான் செய்யப் போகிறேன் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன்.

சிவப்புக் காரின் அச்சு வளைந்திருந்தது. சரி, ஒரு கார்தானே என்று விட முடியுமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சமையலறையில் சொல்லலாம், கடைசி மேஜையில் சொன்னால் வேலை போய்விடும். கோளாறு அந்த ஒன்றில் மட்டுமா, ஒட்டுமொத்தமா என்று தெரிய வேண்டும் அல்லவா? பக்கத்து மஞ்சள் வேனைப் பிரித்தேன். பின்பக்கத்து எழுத்தெல்லாம் சரிந்து, மாடிப்படி இறங்குவதுபோல் இருந்தது. நீலக் காரின் பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக எழும்பியிருந்தது. பச்சை லாரியில் டிரைவர் சீட் பின்னால் பார்த்து இருந்தது, அதை ஓட்டுகிறவன் வந்த வழியை மட்டும்தான் பார்க்க முடியும். ஆம்புலன்ஸின் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு முடி, சட்டைப் பையிலேயே இருக்கும் என் பழைய லென்ஸை வைத்துப் பார்த்தேன், யாரோ ஒருவருடைய இமை முடி. தலைக்கு உறை போடச் சொல்லலாம் மாப்பிள்ளை, இமைக்கு யார் உறை போடுவது? எவனோ ஒரு சூப்பர்வைசர் இதையெல்லாம் பார்த்துவிட்டு "சரி, போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அலமாரி காலியான பிறகுதான் ஆத்திரம் அடங்கியது.

உன் சாப்பாட்டு மேஜையில் பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்று பகுதியாகப் பிரித்து வைத்தேன். (நீங்கள் என்றுதான் எழுத நினைத்தேன், கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது, இனி அப்படியே போகட்டும்.) பாஸ் பகுதியில் ஒரே ஒரு சாம்பல் நிறக் கார்தான் தேறியது. அது டூத் பேஸ்டுடன் இலவசமாக வந்தது, கலெக்ஷனிலேயே சேராது, சும்மா இடம் அடைக்க வைத்திருந்தேன் என்று நீ பிறகு சொன்னாய். அதைச் செய்தவன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

ரீவொர்க் பகுதியில், அதாவது சரிசெய்தால் தேறும் சரக்கில்தான் வினை இருந்தது. அந்த போலீஸ் கார். இடது பக்கம் இரண்டும் பெரிய தங்கநிறச் சக்கரம், வலது பக்கம் இரண்டும் சின்னக் கறுப்புச் சக்கரம். திருடனை அதில் துரத்தினால் போலீஸ்காரன் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வருவான். மனசு கேட்குமா? வீட்டுக்கு ஓடிப்போய்க் கைத்துரப்பணத்தை எடுத்துவந்து, அடித்தட்டில் இருந்த ரிவெட்டைத் துளைத்து, அதே அளவில் இருந்த ஒரு டாக்ஸியின் ஒரு பக்கத்துச் சின்னக் கறுப்புச் சக்கரங்களைக் கழற்றி இதற்குப் போட்டு, இதன் தங்கச் சக்கரங்களை அதற்கு மாட்டினேன். வேலை அவ்வளவு சுத்தம். போலீஸ் கார் மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் பிடித்த மாதிரி ஓடியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அன்றுதான் எனக்கு முதன்முதலாகப் பசித்தது.

நான் வராததைப் பார்த்து உன் அக்கா தேடிக்கொண்டு வந்தாள். மேஜையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் கூடுகள் குவிந்திருந்ததைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அவன் பிரிக்கச் சொன்னானா?"

"செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னான்."

அவள் பிளாஸ்டிக் கூடுகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ ஊரிலிருந்து வந்து, கையில் பெட்டியோடு, மேஜை முன்னால் அப்படியே நின்றாயே, சத்தியமாகச் சொல்கிறேன், அசந்துபோய் நிற்கிறாய் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு காராக எடுத்துக் காட்டி விளக்கினேன். இமை முடியைப் பார்க்க உன் கையில் லென்ஸைக்கூடக் கொடுத்தேன், நீயும் பார்த்தாய். தங்கச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைப் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் நீ போலீஸ் காரைக் கையில் எடுத்து, மெதுவாகக் கேட்டாய்.

"அத்தான், இதுல வீல் எப்படி இருந்துச்சு?"

"தப்பா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"தப்பா இருந்ததாலதான் அத்தான் இதுக்கு மதிப்பே. இந்த மாதிரி இன்னொண்ணு எங்கேயும் கிடையாது."

பெருமாளே, எனக்கு எப்படித் தெரியும்? பழுதான சரக்குக்கு விலை கூடும் என்று எந்தத் தொழிற்சாலையில் சொல்லித் தருகிறார்கள்? அப்படியென்றால் என் பணிக்காலம் முழுக்க நான் திருப்பி அனுப்பிய பம்புகள் எத்தனை கோமான்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்திருக்க வேண்டும். தண்ணீரை மேலே ஏற்றாமல் கீழே இறக்கிய பம்பு ஒன்று இருந்தது, அதற்குக் கோயிலே கட்டியிருப்பீர்கள். இன்னொன்றும் சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. போலீஸ் காரின் தங்கச் சக்கரம் இப்போது டாக்ஸியில் இருக்கிறது. டாக்ஸியும் ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் கறுப்பு. ஆக தப்பு எங்கும் போகவில்லை, பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது, உனக்கு நஷ்டமே இல்லை என்றேன். தொழிற்சாலையில் தெரியாமல் நடந்த தப்புக்குத்தான் மதிப்பு, அத்தான் வேண்டுமென்றே செய்த தப்புக்கு இல்லை என்றாய். இதில் என்ன நியாயம் இருக்கிறதென்று இன்னும் விளங்கவில்லை, ஆனால் வாதாட எழுதவில்லை, மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். பிறகு நீ சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். அது வலித்தது.

அன்றிலிருந்து நீ இங்கே வருவதில்லை. உன் அக்கா, கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்ததில் மீதமிருந்த சிவப்புச் சீட்டுச் சுருளை எடுத்துக்கொண்டு போய், என் நாற்காலியில் ஒன்று, என் டம்ளரில் ஒன்று, தூங்கும்போது என் பனியனில் ஒன்று என்று ஒட்டிவிட்டாள். கேட்டால், "தம்பி வர்ற வரைக்கும் ரிஜெக்ட்" என்கிறாள். அவளைக்கூடச் சமாளித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வந்து உட்கார்ந்து, பேப்பரைப் பாதி நீயும் பாதி நானுமாகப் பிடித்துக்கொண்டு உலகத்தைத் திட்டுவோமே, அது இல்லாமல் முழுப் பேப்பரும் என் கைக்கே வருகிறது, படிக்கப் பிடிக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், ஓய்வு பெற்ற பிறகு எதையும் என் முன்னால் வைத்து, இது சரியா என்று கேட்க ஆள் கிடையாது. வீட்டில் உப்பு சரியா என்றுகூடக் கேட்பதில்லை. அன்று உன் மேஜையில் நான் மறுபடியும் ஒரு ஆளாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் உன் சந்தோஷத்தை உடைத்துவிட்டேன். அதற்குத்தான் மன்னிப்பு.

இனிமேல் சத்தியமாக எதையும் சோதிக்க மாட்டேன். லென்ஸைத் தெருமுனை வாட்ச் ரிப்பேர்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கைத்துரப்பணம் பரண்மேல் போய்விட்டது. மூடியிருக்கும் எதையும் நான் தொடுவதில்லை, பால் பாக்கெட்டைக்கூட உன் அக்காதான் பிரிக்கிறாள். குறை இருப்பதுதான் அழகு என்று கண்ணை மூடிக்கொண்டு வாழப் பழகிவிட்டேன். எதிர் வீட்டு கேட் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது, நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல், கதவைத் திறந்திருந்தால். நீங்கள் இருவரும் வளமாக, அலமாரி நிறைய, அதில் தப்பு நிறைய, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு மறவாத அத்தான்,
சிவப்புச் சீட்டு

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது உன் போன் வந்தது. உன் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். நீ சொன்னதை நீயே மறுக்காமல் இருக்க இங்கே எழுதிவைக்கிறேன்: "அத்தான், பொம்மைக் கடையில இருக்கேன். ஒரு கார் வாங்கினேன், கண்ணாடி கோணல். லென்ஸ் குடுத்துப் பழக்கிட்டீங்க, கண்ணு அங்கேயே போகுது. மாத்திக் கேட்டேன், அதையும் பிரிச்சுப் பார்த்தேன், அதுவும் கோணல். கடைக்காரருக்கே சந்தேகம் வந்து அவரும் பிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. இப்ப ஒரு ஷெல்ஃப் முழுக்கப் பிரிஞ்சு கிடக்கு, முதலாளி வந்துட்டாரு, என்னை வெளிய விட மாட்டேங்கறாரு. கொஞ்சம் வர்றீங்களா?" மாப்பிளே, இதோ ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டே எழுதுகிறேன். நீ கூப்பிட்டாயே, எனக்கு அது போதும். மேலே எழுதிய சத்தியத்தை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள், கிழிக்க நேரமில்லை, கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன். வழியில் வாட்ச்காரரிடம் லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். அதுவரை முதலாளியை ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவை. அடுத்த ஷெல்ஃபை யாரும் தொடக் கூடாது என்று சொல், அதை நான் வந்து பிரித்துக்கொள்கிறேன்.