எல்லைக்கு வெளியே விழுந்த சம்பந்தி

கோச்கோரில் வாழும் மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி கெரிம்பாய் அவர்களுக்கு, நாரினிலிருந்து, நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் உழைத்து ஓய்வு பெற்ற மெதெர்பெக் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி சைராவும் மகள் மீரிமும் இரண்டு பசுக்களும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை அதிலெட்டும் குதிரைகளும், சினையாக இருந்த அந்தச் சாம்பல் பெட்டையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான்கு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன், தாங்கள் எடுக்கவில்லை. மலை மேய்ச்சலுக்குப் போயிருப்பீர்கள், சிக்னல் இருந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "கடைத்தெருவுல வீடு இருக்கிறவருக்கு ஏதுங்க மலை?" என்று சைரா கேட்டாள். 

நிச்சயத்துக்கு அடையாளமாக மீரிமுக்குத் தாங்கள் தோடு போட வந்த விருந்தில் நடந்தது அவமானம்தான், நான் மறுக்கவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பதாக நானே கணினியில் வரைந்து, மூன்று மீட்டருக்குப் பிளெக்ஸ் அடித்து, உணவகச் சுவரில் மாட்டி, எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தித் துணியை விலக்கினால், என் பக்கத்து ஆட்கள் பதினோரு பேரும், தம்பியின் மச்சான் உட்பட, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலுக்கு நேரெதிரே பெரிய மனிதர்கள் உட்காரும் தோரில் தாங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வலது கையும் அதில் ஒரு தேநீர்க் கிண்ணமும் மட்டும் இருந்தன. சம்பந்தியம்மா அடியோடு இல்லை. "இது யாரு கைப்பா?" என்று தங்கள் சித்தப்பா சபை கேட்கக் கேட்டார்.  மரியாதைக்காகத் தங்கள் முன்னால் வைத்த ஆட்டுத்தலையைத் தொடாமல் எழுந்து குல்லாயை மாட்டிக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு கல்யாணத் தேதி பற்றிப் பேச்சே இல்லை. மீரிம் அந்தத் தோட்டைக் கழற்றவும் மாட்டேன் என்கிறாள், என்னோடு பேசவும் மாட்டேன் என்கிறாள்.

ஆனால் சம்பந்தி, என் தரப்பையும் கேளுங்கள். நான் ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் அக்கம்பக்கத்து வேலிகளை அளக்கப் போய் மூன்று வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதால், மீரிம்தான் அந்த ஓவிய மென்பொருளைக் கணினியில் போட்டுக் கையில் மின்பேனாவையும் கொடுத்து உட்கார வைத்தாள். அதில் படம் வரைகிற பரப்பான கேன்வாஸைச் சுற்றிச் சாம்பல் நிறம் இருந்தது. கண்ணை உறுத்துகிறதே என்று வெள்ளையாக்கினேன், கேன்வாஸும் வெள்ளை, வெளியும் வெள்ளை, பனி பெய்த வயல் மாதிரி எது யாருடையது என்றே தெரியவில்லை. என் பார்வையும் மங்கல், ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கி வரைந்தேன். வாசல் பக்கம் ஆரம்பித்து நகர்ந்து நகர்ந்து தோருக்கு வருவதற்குள் கேன்வாஸ் முடிந்துபோயிருக்கிறது. அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் எல்லைக்கு வெளியேயும் வரைய விடும், வரைந்ததைக் காட்டவும் செய்யும், அச்சுக்குப் போகும்போது மட்டும் கத்தரித்துவிடும். தங்கள் மீசைக்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன்!

சும்மா விடுவேனா? அந்த மென்பொருள்காரர்களின் இணைய மன்றத்தில், ருஷ்ய மொழிப் பிரிவில், 'சம்பந்தியைக் காணவில்லை' என்று தலைப்பிட்டு ஒரு கோரிக்கை போட்டேன். கேன்வாஸ் எல்லையில் அழியாத சிவப்புக்கோடு வேண்டும், தூரிகை தாண்டினால் மணி அடிக்க வேண்டும். கசானில் பூனைப் படம் வரைகிற ஒரு பெண், "கவலப்படாதீங்க மாமா, சம்பந்தி தொலையல, வெளியில பத்திரமா இருக்காரு, கேன்வாஸைப் பெருசாக்கினா வந்துடுவாரு" என்று ஆறுதல் சொன்னாள். பெருசாக்கலாம், உணவகச் சுவரை யார் பெருசாக்குவது? இன்னொருவன் கற்பனைக்கு எதற்கு வேலி என்றான். "தம்பி, கற்பனை விருந்துக்கு வராது, சம்பந்திதான் வருவாரு" என்று எழுதினேன். அதற்கு முப்பது பேர் கை தட்டினார்கள்.

அப்போதுதான் 'கிழட்டு ஓநாய்' என்ற பெயரில் ஒருவன் வந்து சேர்ந்தான். மூன்று வாரமாக என் உயிரை வாங்குகிறான். "கோடு இல்லைன்னு குத்தம் சொல்றீங்களே, வாசல்ல இருந்து ஏன் வரைஞ்சீங்க? தோர்ல இருந்து ஆரம்பிச்சிருந்தா யாரு வெளிய விழுந்திருப்பா?" என்று கேட்டான். எல்லாரும் வாசல் வழியாகத்தானே வீட்டுக்குள் போகிறார்கள் என்றேன். "வீட்டுக்காரன் போவான். விருந்தாளிய முதல்ல உக்கார வெச்சுட்டுத்தான் வீட்டுக்காரன் உக்காருவான்" என்றான். இரண்டு சகோதரர்கள் ஒரு புல்வெளிக்காக மண்டை உடைத்துக்கொண்ட கதையைச் சொல்லி எல்லைக்கல்லின் மகிமையை நான்கு பக்கத்துக்கு விளக்கினேன். ஒரே வரியில் பதில் போட்டான்: "கோடு இல்லாததால அந்த மனுஷன் விழல, அவரை நெனைக்காம வரைஞ்சதால விழுந்தாரு." பதிலுக்கு நான் அவனைக் கோவேறு கழுதை என்றேன், பல் கொட்டின ஓநாய் என்றேன். எழுதி அனுப்பினேனே தவிர, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை சம்பந்தி. பதினோரு பேரை வரைந்தபோது இடம் போதுமா என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை என்பது நிஜம். இருந்தாலும் கழுதை கழுதைதான்.

கோரிக்கை ஓட்டெடுப்புக்குப் போயிருக்கிறது. இப்போது ஆதரவு நாற்பத்து மூன்று, எதிர்ப்பு நாற்பத்து மூன்று. இத்தனை வாய் பேசிய அந்த ஓநாய் இன்னும் ஓட்டே போடவில்லை. நாளைக் காலையோடு கெடு முடிகிறது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஐந்து மீட்டரில் புதுப்படம் ஒன்று வரைந்து, தங்களை நட்டநடுவில் வைத்து, என் தம்பியின் மச்சானை எடுத்துவிடுகிறேன். கோபத்தை விட்டுத் தேதி சொல்லுங்கள். தங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி மலையேறிப் போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
மெதெர்பெக்

பி.கு: காலையில் உறை ஒட்டும்போது மீரிம் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். விருந்துக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் வாயைத் திறந்தாள். "அப்பா, அந்தக் கெழட்டு ஓநாய் யாருன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? மாமாதான்! அதிலெட்தான் அவருக்குக் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்திருக்காரு. தெனமும் உங்க பதிலைப் படிச்சுட்டு, 'என் சம்பந்திக்கு வாய் பாரு'ன்னு சிரிக்கிறாராம்." அப்படியானால் நான்கு அழைப்பை எடுக்காத தாங்கள் எனக்கு அறுபத்தேழு பதில் எழுதியிருக்கிறீர்கள். கழுதை என்று எழுதியதை அடிக்கப் பேனாவை எடுத்தேன். "அடிக்காதீங்க, அவரு உங்களைப் பத்திச் சொன்னது சரிதானே, நீங்க சொன்னதும் இருந்துட்டுப் போகட்டும்" என்று சைரா தடுத்துவிட்டாள். சம்பந்தி, கெடு முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு ஓட்டு விழுந்து கோரிக்கை ஜெயித்துவிட்டது. அந்த ஓட்டு யாருடையது என்றும் அதிலெட் சொல்லிவிட்டாராம். நன்றி, கிழட்டு ஓநாயாரே. மேலே ஐந்து மீட்டர் படம் என்று எழுதியதை மறந்துவிடுங்கள். படமே கிடையாது. நேரில் வந்து உட்காருங்கள், அதற்குப் பிறகு நாங்கள் உட்காருகிறோம்.