பெர்மிஷன் பெண் பார்க்கப் போனார்

காரைக்காலில் மானத்தோடு வாழ நினைக்கும் எவரும், நாங்கள் 'பெர்மிஷன்' என்று பட்டப்பெயர் வைத்த மனுஷர் பக்கத்தில் நிற்கக்கூடாது. எண்பதுகளின் கடைசியில் எனக்கு அவர் பக்கத்தில்தான் நாற்காலி.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. பழைய கம்ப்யூட்டரில் எந்தப் புரோகிராமும் டிஸ்க்கில் நேராகக் கைவைக்கலாம். ஒன்று தப்பு செய்தால் எல்லாக் கணக்கும் காலி. புதிதாக வந்ததில் அதன் மூளையான பிராசசரே காவல். புரோகிராம் டிஸ்க்கையோ பிரிண்டரையோ தொடப் போனால் அங்கேயே நிறுத்திவிடும். வேண்டியதை, கம்ப்யூட்டரை நடத்தும் சிஸ்டத்திடம் கேட்க வேண்டும். அது சரிபார்த்து, தானே செய்து, பதிலைத் தரும். இதைப் படித்த நாளிலிருந்து மனுஷர் அப்படியே வாழத் தொடங்கிவிட்டார்.

பெட்டிக்கடையில் வாழைத்தார் தொங்கும்.

"பிச்சுக்கிட்டுப் போங்க சார்."

"நான் தொடக்கூடாதுங்க. நீங்க பாத்து எடுத்துக் குடுங்க."

பின்னால் கூட்டம் முணுமுணுக்கும். நான் அவரைத் தெரியாதவன்போல் சினிமா போஸ்டர் படிப்பேன்.

போலகத்தில் பெண் பார்க்க என்னைத் துணைக்கு அனுப்பியவர் அவர் அம்மா. பிள்ளைக்கு நாற்பது நெருங்குகிறது, அம்மாவுக்கு முட்டிவலி. "இதையாவது முடிச்சுக் குடுப்பா, இனிமே என்னால அலைய முடியாது," என்று கண் கலங்கினார்.

பெண் வீட்டில் கேசரி வந்தது. இவர் தொடவில்லை. பெண்ணின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், மீசையே அதட்டும். அவர் எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் இவர் சாப்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பொண்ணுகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க தம்பி."

"நேரா கேக்கக்கூடாதுங்க. நீங்க கேட்டு பதில் வாங்கிக் குடுங்க."

"ஏன், உங்களுக்கு வாய் இல்லையா?"

பிராசசர் பாடம் தொடங்கியது. தொடையைக் கிள்ளினேன், அனுமதியில்லாமல் கிள்ளியதற்கு முறைத்தார்.

"சரி, என்னதான் கேக்கணும்?"

"என்னைக் கட்டிக்க அவங்களுக்கு இஷ்டமான்னு. இல்லைன்னா இல்லைன்னே சொல்லட்டும்."

பெரியவர் மெல்ல மகள் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்ற?"

"இப்ப வேணாம்ப்பா. டீச்சர் டிரெயினிங் முடிக்கணும்."

இவர் சந்தோஷமாகக் கும்பிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் பொரிந்து தள்ளினேன். "உங்கம்மா முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? கேக்காம இருந்திருந்தா கல்யாணம் முடிஞ்சிருக்கும் சார்!"

"முடிஞ்சிருக்கும்பா. அப்புறம் அந்தப் பொண்ணு?"

நானும் பெண் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். கேசரியைத் தின்றோம், நாள் குறித்தோம். என் மனைவியிடம் யாரும் எதுவும் கேட்டதாக நினைவில்லை. வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊர் வந்ததும் அவர் அம்மாவிடம் நானே முதலில் போனேன்.

"தட்டிப்போச்சும்மா," என்றேன். "ஆனா புள்ளைய நல்லா வளத்திருக்கீங்க."