அதே பழைய தூள்

மொட்டை மாடியில் காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியதில், தட்டில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் தூளில் பாதி, பக்கத்தில் பரப்பியிருந்த குறுவை நெல்லுக்குள் போய்விட்டது. செம்மொழி அலறினாள்.

"யூரியாதானே பாப்பா? மூட்டையே கிடக்கு, எடுத்துக்க" என்றார் அப்பா செல்லதுரை.

"யூரியா இல்லப்பா, கேட்டலிஸ்ட்டு!"

யூரியாவையும் ஆல்கஹாலையும் இந்தத் தூளோடு சேர்த்துச் சூடாக்கினால் ஆர்கானிக் கார்பனேட் கிடைக்கும். வினையை முடுக்கிவிடும் தூள் மட்டும் கரையாமல் அப்படியே நிற்கும். வடிகட்டி, கழுவி, காயவைத்தால் மறுபடியும் உதவும். நான்கு தடவை உதவியாகிவிட்டது. ஐந்தாவது தடவையும் உதவினால் செம்மொழிக்கு முனைவர் பட்டம் உறுதி.

வழக்கமாகத் தூளைக் காயவைத்துத் தருபவர் ஆய்வக உதவியாளர் ஐயாவு. அவர் சம்பா நடவுக்காகத் திருவையாற்றுக்கு லீவில் போயிருந்தார். கல்லூரியில் கரண்ட்டும் இல்லை. அதனால்தான் தூள் வீட்டுக்கு வந்தது.

"புதுசா கொஞ்சம் எடுத்துக்கயேன்."

"அது ஏமாத்துப்பா. அதே பழைய தூள்தான் வேணும்."

முறத்தில் புடைத்தாள். நெல் ஒதுங்கியது, தூளோடு உமி சேர்ந்துகொண்டது. அம்மாவின் சல்லடையில் சலித்தாள். உமி நின்றது; சல்லடையில் ஒட்டியிருந்த அரிசி மாவு இறங்கியது. இரண்டும் ஒரே வெள்ளை. மாவு கரைந்து போகட்டும் என்று கொதிக்கிற வெந்நீரை ஊற்றினாள்.

செல்லதுரை எட்டிப் பார்த்தார். "கஞ்சியா பாப்பா? உப்பு போட்டியா?"

கழுவிக் கழுவி மிஞ்சியதை வைத்துத் திங்கட்கிழமை சோதனையை நடத்தினாள். முன்பு கிடைத்த கார்பனேட்டில் கால்வாசிகூட வரவில்லை.

பேராசிரியர் பெரியநாயகசாமி கண்ணாடியைக் கழற்றினார். "நாலு தடவை நல்லா ஓடினது, இப்ப ஏம்மா படுத்துடுச்சு?"

நெல், சல்லடை, கஞ்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "என் தப்புதான் சார்" என்று அழ ஆரம்பித்தாள் செம்மொழி.

லீவு முடிந்து வந்திருந்த உதவியாளர் ஐயாவுக்கு மனம் பொறுக்கவில்லை.

"புள்ளையத் திட்டாதீங்க சார். வயல்ல போட்ட உரத்தை யாராச்சும் அள்ளித் திரும்பப் போடுவாங்களா? நான் மட்டும் லீவுல போவாம இருந்திருந்தா, எப்பவும்போல பழசைக் கொட்டிட்டு டப்பாவுலேர்ந்து புதுசு எடுத்து வச்சிருப்பேன்."