அரியலூர் கிளப்பும் பச்சை மிஷினும்

அன்று காலை வீசிய மண்தட்டுகளில் கடைசித் தட்டும் உடையாமல் பொட்டலில் போய்ப் பொத்தென்று விழுந்தது. பண்ணையாள் பாவாடை சாவகாசமாக நடந்து போய் அதை எடுத்து, வேட்டியில் துடைத்துக் கூடையில் போட்டான். நாளைக்கும் அதே தட்டுகள்தான். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அதே கூடைதான்.

"மிஷின் சரியில்லை" என்றார் அமிர்தலிங்கம்.

அவருடைய துப்பாக்கியின் இரண்டு குழாயிலிருந்தும் இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. அவருக்குச் சுடத் தெரியாமல் இருக்கலாம் என்பதை அரியலூரில் அவரைத் தவிர எல்லோரும் யோசித்துப் பார்த்திருந்தார்கள்.

மிஷினின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த அரியமுத்து எழுந்து நின்றான். அவன்தான் கிளப் மானேஜர்.

"எசமான், போன வாரம்தான் எண்ணெ போட்டேன்."

"எண்ணெ போட்டா ஆச்சா? தட்டு காக்கா மாதிரி பறக்கணும்யா. இது கொசு மாதிரி பறக்குது. எவனாவது கொசுவைச் சுடுவானா?"

அரியமுத்து மறுபடி எண்ணெய்க் குப்பியை எடுத்தான். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன செய்வான்?

அமிர்தலிங்கம் பெரிய பண்ணைக்காரர். அவர் மைத்துனர் நல்லுசாமி பெரம்பலூரில் துப்பாக்கி கிளப் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், இவரும் அரியலூரில் ஒன்று தொடங்கினார். கிளப்பில் பறவை சுடுவது கிடையாது. மிஷின் மண்தட்டை வானத்தில் வீசும், அதைப் பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். பறவை கூடாது என்பது அவர் மனைவி சுந்தராம்பாளின் உத்தரவு. கிளப் தொடங்குவதற்கு முன்பு தை மாதத்தில் அவர் கௌதாரிக்கு வைத்த குறி, சுந்தராம்பாளின் சினைப்பசுவின் பின்பக்கத்தில் போய்ப் பட்டது. வைத்தியர் வந்து ஈயக் குண்டுகளைப் பிடுங்கினார். பசு பிழைத்தது. கௌதாரி பிழைத்ததைச் சொல்லவே வேண்டாம்.

அன்றிலிருந்து வெடிமருந்தும் ஈயக் குண்டும் சுந்தராம்பாளின் அறையில் பூட்டிக் கிடந்தன. புதுத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காத காலம். சுட்டுப்போட்ட காலித் தோட்டாக்களையே பொறுக்கி வந்து மறுபடி அடைக்க வேண்டும். வீட்டுப் பின்கட்டில், அவள் கண்ணெதிரே, பாவாடை அடைத்துக் கொடுப்பான்.

மிஷினைத் தேர்ந்தெடுத்தது மட்டும் அரியமுத்து. திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று சின்னது, நின்றுகொண்டு இயக்குவது. மற்றது பச்சைப் பெயின்ட் அடித்தது. நீளமான இரும்புக் கை, முறுக்கிவிட ஒரு பெரிய ஸ்பிரிங், இழுத்துவிட ஒரு நெம்புகோல், ஓட்டுகிறவன் உட்கார ஓர் ஆசனம். அரியமுத்து நுணுக்கம் எதையும் பார்க்கவில்லை. அதுவரை மாமனாரின் கடலைச் செக்கில் மாட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தவன் அவன். ஆசனம் இருந்ததைப் பார்த்தான், எடுத்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழமை பெரம்பலூரான் பந்தயத்துக்கு வரான்" என்றார் அமிர்தலிங்கம். "அவன் முன்னாடி ஒரு தட்டுகூட உடையலைன்னு வை, இந்த மிஷினைக் கெணத்துல போட்டுட்டு உன்னைத் திரும்பச் செக்குக்கே அனுப்பிடுவேன்."

அரியமுத்துவின் மாமனார் அதற்குத்தான் காத்திருந்தார். 'மாப்ளைக்கு எடம் காலியாத்தான் வச்சிருக்கேன், மாட்டுக்குப் பக்கத்துல' என்று போன அமாவாசைக்குக்கூடச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்லோரும் கிளம்பியதும் சுந்தராம்பாளின் கோழிகள் வேலிக்கடியில் நுழைந்து பொட்டலுக்கு ஓடிவந்தன. ஊரில் மற்ற கோழிகள் வெடிச் சத்தம் கேட்டால் ஓடி ஒளியும். இந்தக் கோழிகளுக்கு மட்டும் கிளப் பிடித்துப் போயிருந்தது.

மறுநாள் அரியமுத்து ஸ்பிரிங்கைத் தளர்த்தினான். தட்டு மெதுவாகப் போனால் குறி வைக்கச் சுலபம் அல்லவா? மூட்டுகளுக்கெல்லாம் ஆமணக்கெண்ணெய் விட்டான். கிரீஸ் வாங்கத் திருச்சிக்குப் போக வேண்டும். ஆமணக்கு பண்ணையிலேயே விளைகிறது.

"விடு!" என்று கத்தினார் அமிர்தலிங்கம்.

அரியமுத்து நெம்புகோலை இழுத்தான். இரும்புக் கை சோம்பல் முறிப்பது போல ஒரு சுற்றுச் சுற்றியது. தட்டு மேலே போகவில்லை. தத்தித் தத்திப் போய் அமிர்தலிங்கத்தின் கால் கட்டைவிரலுக்கு முன்னால் நின்றது. ஆமணக்கெண்ணெய் அவர் சட்டையில் தெறித்தது.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அமிர்தலிங்கத்துக்கு ரத்தம் ஏறிவிட்டது. நாலடி பின்னால் போய், தரையில் கிடந்த தட்டையே குறி வைத்து இரண்டு குழாயையும் சுட்டார்.

புழுதி பறந்தது. தட்டு பம்பரமாகச் சுற்றி நின்றது. ஒரு கீறல் இல்லை.

கூட்டத்தில் ஓர் அம்மாள் முன்னால் வந்தாள். "ஏங்க, இந்தத் தட்டு எந்தச் சந்தையில கெடைக்கும்? எங்க வூட்டுல மருமக கையில ஒரு சட்டி தங்க மாட்டேங்குது."

அமிர்தலிங்கம் அரியமுத்துவைப் பார்த்தார். அரியமுத்து தட்டைப் பார்த்தான்.

"தெரிஞ்சுபோச்சு எசமான்! கோளாறு மிஷின்ல இல்ல. தட்டு ரொம்பக் கெட்டி."

தட்டுகளைச் செய்தவள் கலியம்மாள். சூளைக்கு முன்னால் உட்கார்ந்து அரியமுத்து சொன்னதையெல்லாம் கேட்டாள். முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"என்ன தம்பி சொல்றீங்க? உடையற மாதிரி செய்யணுமா?"

"ஆமா. பட்டதும் பொடிப்பொடியாப் போகணும்."

"என் கைச் சட்டியைக் கல்யாணத்துக்குக் குடுத்து, பேரப்புள்ள கல்யாணத்துக்கும் அதையே எடுத்துப் பொங்கியிருக்காங்க. என்கிட்ட வந்து இப்படிக் கேக்கறதுக்கு உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?"

"ஆத்தா, எனக்கு உத்தியோகம் போயிடும்."

"போனா செக்கு இருக்குதில்ல?"

செக்கு விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. அரியமுத்து கையைப் பிடித்துக் கெஞ்சினான். கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். அந்தத் தட்டு அவள் செய்தது என்று மூச்சு விடக்கூடாது. கேட்டால் வரதராஜன்பேட்டையிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அவன் பெருமாள் மேல் சத்தியம் செய்தான்.

ஆனால் மோசமாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. முதல் தடவை சூளையில் சரியாக வைக்காமலே எடுத்துக் கொடுத்தாள். பாதி ஈரம். நெம்புகோலை இழுத்ததும் தட்டு இரும்புக் கையில் ஒட்டிக்கொண்டு ஒரு சுற்று முழுதும் வந்து, பிறகுதான் பிடியை விட்டது. அதற்குள் கை அமிர்தலிங்கத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் மீசையில் அப்பிய களிமண்ணைப் பாவாடை தண்ணீர் விட்டுக் கழுவினான்.

"இதுவும் மிஷின் கோளாறு இல்லையோ?" என்றார் அமிர்தலிங்கம். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்து அரியமுத்துவே கலியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் சாம்பலைக் கொட்டிப் பிசைந்தான். அப்பளம் போல மெலிதாகத் தட்டிச் சூளையில் வேகவைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, ஸ்பிரிங்கைக் கடைசி வரை முறுக்கி ஒரு தட்டை வீசிப் பார்த்தான்.

தட்டு விர்ரென்று பனைமர உயரத்துக்குப் போனது. அங்கே, துப்பாக்கி இல்லாமல், யாரும் தொடாமல், தானாகவே 'டப்' என்று சிதறியது.

அரியமுத்து இன்னொன்றை வீசினான். அதே உயரம், அதே 'டப்'. மூன்றாவதும் அப்படியே. போகிற வேகத்தை அந்த அப்பளம் தாங்கவில்லை.

முதலில் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு கையை எடுத்தான். ஒரு மனிதன் சுடும் நேரமும் தட்டு பனைமர உயரத்தைத் தொடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து தனியாகச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய நல்லுசாமியின் கார் இருமிக்கொண்டே வந்து நின்றது. அக்காள் புருஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டே அவர் தூண்டில் போட்டார்.

"என்ன மாமா, உங்க கிளப்புல தட்டெல்லாம் சாகாவரம் வாங்கி வந்திருக்குதாமே?"

"சுட்டுப் பாரு மாப்ளே, தெரியும்."

"எங்க கிளப்புல தோட்டா தீந்துபோச்சு. அக்காகிட்டச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க."

சுந்தராம்பாள் பாவாடையிடம் ஒரு கூடைத் தோட்டாவைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். தம்பிக்கு ஒரு செம்பு மோரும் வந்தது.

பந்தயம் தொடங்கியது. அமிர்தலிங்கம் முதலில் நின்றார். "விடு!" தட்டு பறந்தது. துப்பாக்கி வெடித்தது. 'டப்.'

கூட்டம் ஓவென்று கத்தியது. அமிர்தலிங்கம் ஒரு கணம் தன் துப்பாக்கியையே திருப்பிப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, தினமும் நடப்பதுதான் என்பது போல மீசையைத் தடவிக்கொண்டார்.

நல்லுசாமி நின்றார். 'டப்.' மறுபடி அமிர்தலிங்கம். 'டப்.' மறுபடி நல்லுசாமி. 'டப்.' பாவாடை வழக்கம்போல எதிரே பொட்டலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் அவன் தலைக்கு மேலேயே சுட்டார்கள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துணிச்சல்காரன் என்று நினைத்துக்கொண்டான் அரியமுத்து.

அப்போதுதான் வினை வந்தது. நல்லுசாமியின் தோட்டா ஒன்று நமுத்துப்போயிருந்தது. விசையை அழுத்தினார். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. வானத்தில் தட்டு மட்டும் 'டப்' என்று சிதறியது.

அரியமுத்துவின் கண்முன் செக்குமாடு வந்து நின்று அசைபோட்டது.

நல்லுசாமி துப்பாக்கியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பெரம்பலூரிலிருந்து தன்னோடு வந்தவர்களையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தோட்டாவுல சத்தம் கொஞ்சம் கம்மி. ஆனா குறி தப்பலை, பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன் மாப்ளே" என்றார் அமிர்தலிங்கம் உடனே. "சரியா நடுவுல பட்டுச்சு."

அடுத்தது அவர் முறை. மைத்துனனுக்குத் தோற்க மனமில்லை. "விடு!" என்று கத்திவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். தோளுக்கு வருமுன்னே தட்டு சிதறிவிட்டது. அவர் அசரவில்லை. இடுப்பிலிருந்தே ஒரு வேட்டு வைத்தார்.

"தோள்ல வச்சு யார் வேணா சுடலாம்" என்றார்.

கைதட்டல் கல்லங்குறிச்சி வரை கேட்டிருக்கும். பந்தயம் சமமாக முடிந்தது. ஒரு தட்டுகூட முழுசாகத் தரைக்கு வரவில்லை. இரண்டு மாவீரர்களும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள்.

நல்லுசாமி மிஷினைச் சுற்றி வந்து ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தார்.

"எங்க கிளப்பு மிஷின் தண்டம் மாமா. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். மிஷின், தட்டு, தோட்டா எல்லாமே இதே தினுசு. ஒண்ணுகூட மாறக்கூடாது. உங்க மானேசரே வந்து பூட்டிக் குடுக்கட்டும்."

"அவனா? ஒரு வாரத்துக்கு அனுப்பறேன். அதுக்கு மேல விட முடியாது. கிளப்புக்கு அவன் இல்லாட்டி ஓடாது" என்றார் அமிர்தலிங்கம். கேட்டுக்கொண்டிருந்த அரியமுத்துவுக்குச் செக்குமாட்டின் முகமே மறந்துவிட்டது.

கார் கிளம்பியது. கோழிகள் வேலிக்கடியில் நுழைந்து வந்தன. அரியமுத்து ஆசனத்தில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

"பாத்தியா பாவாடை? எல்லாம் மிஷினைத் தேர்ந்தெடுக்கறதுல இருக்கு. அப்புறம் அதைப் பராமரிக்கறது. ஒரு வாரமா எங்க கோளாறு, எங்க கோளாறுன்னு தேடி, ஸ்பிரிங்கு, எண்ணெ, தட்டுன்னு ஒவ்வொண்ணாச் சரி பண்ணிட்டேன். இனிமே பெரம்பலூருக்கும் நாமதான். நீ தோட்டா அடைச்சு வை. இதே தினுசு, ஒண்ணும் மாறக்கூடாது."

பாவாடை காலித் தோட்டாக்களைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டே தலையைச் சொறிந்தான்.

"அப்ப வரகை மட்டும் பெரம்பலூர் ஐயாவையே அனுப்பச் சொல்லிடுங்க மானேசரே, பசு மேல ஈயக் குண்டு பட்ட அன்னையிலேருந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் குண்டுக்குப் பதிலா அம்மா அவங்க குதிருலேருந்து வரகைத்தான் அள்ளிக் குடுக்கறாங்க, இப்ப வெதைக்குக்கூட மிச்சமில்லை."