தானே இயங்கிய ஓவனும் நிலுவையில்லாத அலுவலகமும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு, வெப்பத்தின் வரலாற்றில் அடுத்த முக்கியமான நாள் சென்ற ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நேரம் காலை பதினொன்று நாற்பது. இடம், சிதம்பரத்தில் உள்ள எங்கள் 'பொதுமக்கள் குறை நீக்க ஒருங்கிணைப்பு அலுவலகம்'. அதன் கண்காணிப்பாளர் என்ற முறையில் நான் அருகிலேயே இருந்தேன் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் அலுவலர் தில்லைநாதன் ஐயா ஆறிய சோறு சாப்பிடமாட்டார். அதற்காகவே 'பேரிடர்க்கால அவசரத் தேவை' என்ற தலைப்பில் ஒரு மைக்ரோவேவ் ஓவன் வாங்கப்பட்டிருந்தது. ஒரு மணிக்கு அது ஐயாவின் சாம்பார் சாதத்தைச் சூடாக்கும். மீதி நேரமெல்லாம் சும்மா இருக்கும். எங்கள் பதிவறைக் கூரையோ மழைக்கு ஒழுகும். கட்டடத்திலேயே ஈரம் படாத இடம் ஓவனின் உட்புறம் ஒன்றுதான். ஆகவே நிலுவை மனுக்களை அதற்குள் பாதுகாக்கும்படி நான் உத்தரவிட்டேன். ஒரு மணிக்கு மனுக்கள் வெளியே, சாம்பார் உள்ளே. ஒன்றேகாலுக்கு சாம்பார் வெளியே, மனுக்கள் உள்ளே.

இந்த ஏற்பாட்டை எதிர்த்தவர் ஒரே ஒருவர்: இளநிலை உதவியாளர் காயத்ரி. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. போன வாரமே ஓவன் ஒருமுறை தானாகச் சுற்றி நின்றதைப் பார்த்ததாகவும், ப்ளக்கைப் பிடுங்கி வைத்தால் நல்லது என்றும் அவர் சொன்னார். பிடுங்கினால் ஓவனில் உள்ள கடிகாரம் அணைந்துவிடும், ஐயா மணி பார்ப்பது அதில்தான் என்று நான் பொறுமையாக விளக்கினேன்.

செவ்வாய்க்கிழமை ஓவன் 'ஊம்' என்றது. யாரும் அதைத் தொடவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, அறுபத்தொரு மனுக்களும் அதனுடன் சுற்றின. எங்கள் அலுவலகத்தில் மனுக்கள் நகர்ந்ததை நான் பார்த்தது அதுவே முதல்முறை. மேலாக இருந்தது சுப்பராயலு என்பவருடையது. அவர் தெரு வாய்க்காலின் மேல் இருந்த பலகைப் பாலம் உடைந்துபோய், அவர் மனைவி செல்லாயி அதில் விழுந்து கால் ஒடிந்திருந்தது. அது அவர் கொடுத்த மூன்றாவது மனு.

பிறகு குண்டூசிகளிலிருந்து பொறி பறந்தது. புகை கிளம்பியது. நான் உடனடியாகச் செயல்பட்டு, தகவல் அறிக்கை எழுதத் தாள் எடுத்தேன். காயத்ரியோ ஓடிவந்து, எவ்வித முன் அனுமதியும் இன்றி ப்ளக்கைப் பிடுங்கினார்.

"கதவத் தொறக்காதீங்க சார், காத்து பட்டா ஜாஸ்தியாயிடும்" என்றார்.

கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது உள்ளே சாம்பல் இருந்தது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். மனுக்களை ஆறப்போடுவதுதான் நமது மரபு, சூடாக்குவது அல்ல என்று ஐயா வேதனையுடன் குறிப்பிட்டார். ஓவனை யாரோ வெளிநாட்டிலிருந்து இயக்கியிருக்கலாம் என்று கணக்கர் கருதினார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே காயத்ரி, அண்ணாமலை நகரில் விடுதிகளுக்கு மெஷின் பழுதுபார்க்கும் அந்தோணிசாமியை அழைத்து வந்துவிட்டார். அவர் ஓவனைக் கழற்றிப் பார்த்து, நான்கு நிமிடத்தில் திருகாணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"சாம்பார் ஆவி பட்டன் பேனலுக்குள்ள போயி ஈரம் புடிச்சிருக்கு சார். ஸ்டார்ட் பட்டன் தானா வேல செய்யுது. பேனல மாத்தணும், அதுவரைக்கும் ப்ளக்க புடுங்கியே போடுங்க. ஆனா ஒண்ணு. உள்ள காயிதத்த வெச்சது யாரு?"

நான்கு நிமிடத்தில் முடியும் ஆய்வில் ஆழம் இருக்க முடியாது. தவிர, அவருடைய கடைசிக் கேள்வி விசாரணை வரம்புக்கு வெளியே இருந்தது. நன்றி சொல்லி அனுப்பிவைத்தோம்.

கடலூரிலிருந்து இணை இயக்குநர் ராமாமிர்தம் தலைமையில் மூவர் குழு வந்தது. ஓவனுக்கு எதிரே நாற்காலி போட்டு மூன்று நாள் கண்காணித்தது. '10.00: இயங்கவில்லை. 10.15: இயங்கவில்லை' என்று பதிவேடு நிரம்பியது. ப்ளக் இன்னும் மாட்டப்படவே இல்லை என்பதைக் காயத்ரி மூன்றாம் நாள் சுட்டிக்காட்டினார். குழு அதையும் விடாமல் பதிந்தது: 'இளநிலை உதவியாளர் குறுக்கீடு.'

நாற்பத்திரண்டு பக்க அறிக்கை வந்தது. அதன்படி ஓவனின் நெற்றியில் 'முன் அனுமதியின்றி இயங்குதல் கூடாது' என்று ஒட்டினோம். அனுமதியின்றி மின் இணைப்பைத் துண்டித்தது ஏன் என்று காயத்ரியிடம் விளக்கம் கேட்கப்பட்டது. 'தீப்பிடித்தது' என்று அவர் எழுதினார். விளக்கம் போதிய நீளத்தில் இல்லாததால் அவரைக் கடலூருக்கு மாற்றினார்கள்.

சேத விவரத்தில் 'கண்ணாடித் தட்டு, ஒன்று' என்று மட்டும் இருந்தது. மாத அறிக்கையில் 'நிலுவை மனுக்கள்' என்ற கட்டத்துக்கு நான் வந்தேன். எழுந்துபோய் ஓவனுக்குள் பார்த்துவிட்டு வந்து 'இல்லை' என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. மாவட்டத்திலேயே நிலுவையில்லாத முதல் அலுவலகம் என்று எங்களுக்குப் பாராட்டுச் சான்று கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினோம்.

காயத்ரி பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்த அன்று சுப்பராயலு வந்தார். கையில் மூன்று ரசீதுகள். நான் வாய் திறப்பதற்குள் காயத்ரி, "உங்க மனு எரிஞ்சு போச்சுங்க. புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க, போறதுக்குள்ள நம்பர் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டார்.

நான் தடுத்தேன். புது மனு வாங்கினால் நிலுவை ஒன்றாகிவிடும், வாசலில் மாட்டியிருக்கும் சான்று பொய்யாகிவிடும். இதைச் சுப்பராயலுவுக்கு மரியாதையாகவே எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வாசலுக்குப் போய்ச் சான்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நெலுவ இல்லன்னா, எங்க பாலத்தக் கட்டியாச்சுன்னு அர்த்தங்களா சார்?"

"கோப்பின்படி, ஆமாம்" என்றேன்.

ரசீதுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பிடின்னா ஒரே ஒரு தடவ வாங்க சார். அந்தப் பாலத்து மேல நடந்து எங்க ஊட்டுக்கு வாங்க. சோறு சூடா போடறோம்."